தூசி எது, புள்ளி எது?

மாலை ஐந்தரை மணிக்கு மேல் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் புறப்படும் மின்தொடர் வண்டியில் பேச்சு பெரும்பாலும் சம்பளம், ஓவர்டைம், ஒப்பந்தக்காரர் என்பதாகவே இருக்கும். சிப்காட் வளாகத்தில் ஷிப்ட் முடித்து ஏறுகிறவர்களின் சட்டை மடிப்புகளில் இரும்புத் தூசியின் சாம்பல் நிறம் படிந்திருக்கும். சில மாதங்களுக்கு முன் அப்படியொரு மாலையில், என்னிடம் முதலாண்டில் மொழிப்பாடம் படித்த மின்னணுவியல் மாணவர் ஒருவர் எதிரிருக்கையில் அமர்ந்து, மடிக்கணினியில் ஒரு கற்சுவரைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

மெய்யான சுவரன்று. 1992இல் வெளிவந்த ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’ என்ற பழைய கணினி விளையாட்டின் சுவர். அவ்விளையாட்டில் ஆடுபவர் ஒரு கோட்டையின் இருண்ட இடைவழிகளில் சுற்றிவருவார். இருபுறமும் தெரியும் சுவர்களுக்குக் கனம் கிடையாது; வெறும் தட்டையான பரப்பின்மேல் கல்லின் படம் ஒன்று போர்த்தப்பட்டிருக்கும், அவ்வளவே. அப்படிப் போர்த்தும் படத்தைத் துறைசார்ந்தவர்கள் டெக்ஸ்சர் என்கிறார்கள். சுவரின் தோல் என்று நான் புரிந்துகொண்டேன். மாணவர் அந்தத் தோலை உரித்தெடுத்துக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் அடங்கும் விளையாட்டுக் கருவி ஒன்றைத் தாமே செய்வதாகத் திட்டம். அதன் திரையில் குறுக்கே 128, நெடுக்கே 64 என மொத்தம் 8192 ஒளிக்கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் எரியும் அல்லது அணைந்திருக்கும். பாதி எரிவது என்ற நிலை அதற்குத் தெரியாது.

திரையில் இருந்த சுவரெங்கும் பொடிப்பொடியாகக் கறுப்பு. “இதெல்லாம் தூசி, ஐயா. ஒரு கட்டளை குடுத்தா எல்லாப் புள்ளியும் போயிடும்” என்றார். கொடுத்தார். போய்விட்டது.

தூசி என்றும் புள்ளி என்றும் அவர் ஒரே மூச்சில் சொன்னது என் காதில் உறுத்திற்று. இருபது ஆண்டுகளாக மெய்யெழுத்துக்குப் புள்ளி வையுங்கள் என்று விடைத்தாள்களில் சிவப்பு மையால் எழுதிவரும் ஒருவனுக்கு அது இயல்புதானே.

*

அந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணிதம் அதிகம் இல்லை.

அவ்விளையாட்டின் சுவர்ப்படம் ஒவ்வொன்றும் 64க்கு 64 கட்டங்கள் கொண்டது. ஆக 4096 பிக்சல்கள். (பிக்சலுக்குப் படப்புள்ளி என்றொரு நல்ல சொல் இருக்கிறது. ஆனால் இக்கட்டுரையில் வேறொரு புள்ளியைப் பற்றிப் பேசவேண்டியிருப்பதால் பிக்சல் என்றே எழுதுகிறேன்.) 256 வண்ணங்கள் அடங்கிய ஒரு பட்டியலில் இது எத்தனையாவது வண்ணம் என்ற எண் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு பைட் இடத்தில் எழுதப்பட்டிருக்கும். அதனால் ஒரு சுவர் 4096 பைட். கறுப்பு, வெள்ளை இரண்டு மட்டுமே போதுமென்றால் பிக்சலுக்கு ஒரு பிட் போதும். ஒரு பைட்டில் எட்டு பிக்சல்கள் அடங்கும். 4096 பைட் சுவர் 512 பைட்டாகச் சுருங்கிவிடும். பிஎம்பி கோப்பாகச் சேமித்தால் முகப்புச் செய்திகளுக்கு 62 பைட் சேர்த்து 574. இக்கோப்பு படத்தை வழக்கமாகக் கீழ்வரிசையிலிருந்து மேல்நோக்கி எழுதிச்செல்லும் என்பதை அறிந்தபோது, சுவரைக் கொத்தனார் கட்டுவதும் அப்படித்தானே என்று தோன்றியது.

இடம் குறைவது எளிது. எந்தப் பிக்சலைக் கறுப்பாக்குவது, எதை வெள்ளையாக்குவது என்பதில்தான் சிக்கல். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் நம் கண்ணின் கூர்மைக்கேற்ப எடையிட்டுக் கூட்டி 0 முதல் 255 வரையுள்ள ஒரு வெளிச்ச எண்ணாக்குவார்கள். பச்சைக்கு எடை அதிகம், நீலத்துக்கு மிகக் குறைவு. பிறகு நடுவில், 128இல், ஒரு கோடு. மேலே வெள்ளை, கீழே கறுப்பு. இந்த விளையாட்டை எழுதியவர்கள் ஒரு தந்திரம் செய்திருந்தார்கள்: ஒரே சுவரின் படத்தை ஒளியாக ஒன்று, நிழலாக ஒன்று என இரண்டு தடவை வரைந்து, திசைக்கேற்ப மாற்றிப் போர்த்தினார்கள். மூலையில் திரும்பும்போது சுவர் திரும்புவதைக் கண் உணர்வது அதனால்தான். 128இல் கோடு கிழித்தபோது ஒளிச்சுவரில் கற்களின் இடைவெளி மட்டும் மிஞ்சியது. நிழற்சுவர் முழுக்க இருண்டு போயிற்று. ஒரே கல், இரண்டு விதி.

கோட்டை எங்கே கிழிப்பது என்பதைப் படத்தையே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியொன்றை 1979இல் ஓட்சு நொபுயுகி என்ற ஜப்பானியர் எழுதினார். ஒளிப் பிக்சல்களும் இருள் பிக்சல்களும் ஒன்றுக்கொன்று மிக விலகி நிற்கும்படியான எண்ணைக் கணக்கிட்டுத் தேர்வது அவர் முறை. இன்னொரு வழி, கோடே கிழிக்காமல் கண்ணை ஏமாற்றுவது. கறுப்பும் வெள்ளையும் கலந்து தெளித்தால் எட்ட நின்று பார்க்கிறவருக்குச் சாம்பல் தெரியும். பிரைஸ் பேயர் 1973இல் இதற்கு ஓர் ஒழுங்கான கட்டமைப்பைச் சொன்னார். ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் 1976இல் சொன்னது எனக்கு மேலும் பிடித்திருக்கிறது: ஒரு பிக்சலைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஆக்கும்போது நாம் செய்த பிழையை பதினாறு கூறாக்கி, வலப்பக்கத்து அண்டைக்கு ஏழு, கீழே இடப்பக்கத்துக்கு மூன்று, நேர் கீழுக்கு ஐந்து, கீழே வலப்பக்கத்துக்கு ஒன்று எனப் பங்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும். செய்த தவறு காணாமற்போவதில்லை, ஊராருக்குப் பகிரப்படுகிறது. 1984இல் வந்த மெக்கின்டாஷ் கணினியின் 512க்கு 342 கறுப்பு வெள்ளைத் திரைக்காக பில் அட்கின்சன் இதை மாற்றினார். பிழையில் நான்கில் மூன்று பங்கை மட்டும் அண்டைக்குக் கொடுத்து மீதியைத் தூக்கியெறிந்தார். அதனால் அவர் படங்களில் வெளிச்சம் பளிச்சென்றும் இருள் அடர்ந்தும் நிற்கும். கணக்கில் பொய், கண்ணுக்கு அழகு.

கணினிக்கு வெகுகாலம் முன்பே அச்சகங்கள் இந்த வேலையைச் செய்தன. அச்சு மைக்குச் சாம்பல் நிறம் கிடையாது. புகைப்படத்தைக் கண்ணித் திரை வழியாகப் பிடித்துச் சிறியதும் பெரியதுமான பொட்டுகளாக உடைத்து ‘ஹாஃப்டோன் பிளாக்’ செய்ய வேண்டும். அக்கலையில் நம் நாட்டில் முதன்மையாகச் சொல்லப்பட வேண்டியவர் சத்யஜித் ராயின் பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. கல்கத்தாவில் சொந்த நிறுவனம் நடத்திக்கொண்டே, லண்டனிலிருந்து வந்த பென்ரோஸ் ஆண்டுமலரில் கண்ணித்திரையைப் பற்றி ஆய்வுக்கட்டுரைகள் எழுதியவர் அவர். பழைய தமிழ் இதழ்களின் படங்களை உருப்பெருக்கியில் பார்த்தால் எழுத்தாளர்களின் முகமெல்லாம் பொட்டுகளாகச் சிதறும். அதே பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் மீசை மட்டுமே மிஞ்சும். சிற்றிதழ்ப் பிரதிகளை அப்படிக் கைமாற்றிப் படித்த தலைமுறை என்னுடையது. சில எழுத்தாளர்களின் முகத்தை மீசையாக மட்டுமே அறிவேன்.

*

நிற்க. கல்லின் தோலை உரித்துக் கறுப்பு வெள்ளையாக்கும் வேலையை நான் முதன்முதலில் கண்டது ரயிலில் அன்று. முதுகலை படித்த நாளில் ஒரு கல்வெட்டுப் பயிற்சி முகாமில். மைப்படி எடுத்தல் என்று பெயர்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்வெட்டுள்ள சுவரைத் தூரிகையாலும் நீராலும் கழுவி, சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் பாசியும் போக்க வேண்டும். நனைத்த தாளைச் சுவரில் ஒட்டி, விறைப்பான தூரிகையால் மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே வர, தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கும். அரை ஈரம் இருக்கும்போது மை தோய்ந்த துணிப்பந்தால் மெல்ல ஒற்ற வேண்டும். மேட்டில் மை பிடிக்கும், பள்ளத்தில் பிடிக்காது. தாளை உரித்தால் கறுப்புத் தரையில் வெள்ளை எழுத்து. ஓலைச்சுவடியில் இதற்கு நேர்மாறு: எழுத்தாணி கீறிய பள்ளத்தில் கரி தங்கும், மேட்டைத் துடைத்துவிடுவார்கள்.

சென்னை மாகாண அரசு 1886இல் ஹுல்ச் என்ற ஜெர்மானிய அறிஞரைக் கல்வெட்டாய்வாளராக அமர்த்தியபின் கோயில் கோயிலாக இவ்வேலை நடந்தது. 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி வந்தது. எங்கள் மாவட்டத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அவ்வரிசையின் மூன்றாம் தொகுதியில், 1920இல் கிருஷ்ண சாஸ்திரியின் பதிப்பில் இடம்பெற்றன. முதலாம் இராசேந்திரன், தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்ததைச் சொல்லும் 31 ஏடுகள். செம்பின் பச்சையும் கல்லின் செம்மையும் அறிஞர்களின் மேசைக்கு வந்து சேரவில்லை. வந்ததெல்லாம் கறுப்பும் வெள்ளையும். சோழர் வரலாற்றில் நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அந்த இருநிறத் தாள்களிலிருந்து படிக்கப்பட்டதே.

முகாமில் எங்களுக்குப் பயிற்சி தந்தவர், ஓய்வுபெற்ற முதியவர், ஒரு மைப்படியை விரித்து இரண்டு வரி படிக்கச் சொன்னார். நான் ஓரெழுத்தின் தலைமேல் ஒரு வெள்ளைப் பொட்டைக் கண்டு மெய்யாக வாசித்தேன். அவர் சிரித்தார். “தம்பி, அது உளி வச்சதில்ல, மழை வச்சது. சோழன் கல்லுல புள்ளியைத் தேடாத” என்றார்.

உண்மைதான். தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளில் புள்ளி பிற்பட்ட கட்டத்தில் தோன்றுவதை ஐராவதம் மகாதேவன் 2003இல் வந்த தம் பெருநூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பல்லவர் காலத்துக் கல்வெட்டுகளில் சில இடங்களில் காணலாம். சோழர் கல்வெட்டில் மிக அரிது. ஆகவே கல்வெட்டுப் படிக்கிறவர் எழுத்தின் மேலுள்ள தனிப்பொட்டுகளைக் கல்லின் பொத்தல் என்று மனத்துக்குள்ளேயே அழித்துவிட்டுத்தான் படிப்பார். ரயிலில் மாணவர் கணினிக்கிட்ட கட்டளையை அந்த முதியவர் தம் கண்ணுக்கு இட்டிருந்தார். அங்கே அது சரி.

*

ஆனால் தமிழ் எழுத்துக்குப் புள்ளி அணியன்று, உடம்பின் பகுதி. மெய்யின் இயல்பு புள்ளி பெறுவது என்றும், எகரமும் ஒகரமும் அவ்வாறே என்றும் தொல்காப்பியம் விதிக்கிறது. இரண்டாவது விதி இன்று பலருக்கு வியப்பளிக்கும். பழைய முறையில் குறிலாகிய எகரத்துக்குத்தான் புள்ளி, புள்ளியற்றது நெடில். இன்று நாம் எழுதும் ஏகாரத்தின் சாய்கோடும் ஓகாரத்தின் சுழியும் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தமென்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி.

இலக்கணம் விதித்தபடி ஏட்டில் எழுதினார்களா என்றால், இல்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று காரணம் சொல்வது வழக்கம். காரணம் எதுவாயினும் சுவடிகளில் புள்ளி இல்லை. அப்போது எரியும் ஏரியும் ஒன்றே. ஒரு சுவடியில் அச்சொல்லைக் காண்கிறவர் ஊரில் தீப்பிடித்ததா, வெள்ளம் வந்ததா என்று பக்கத்துச் சொல்லைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். புழலும் சோழவரமும் பூண்டியும் உள்ள மாவட்டத்தில் வாழும் எனக்கு இது வெறும் இலக்கண எடுத்துக்காட்டாகத் தோன்றுவதில்லை. கெடு, கேடு, கொடு, கோடு, பெறு, பேறு எல்லாம் அப்படியே. ரகரமும் காலும் ஒரே வடிவம் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ‘மரம்’ என்பதை ‘மாம’ என்றும் படிக்கலாம். உ.வே.சாமிநாதையர் இத்துன்பங்களையெல்லாம் பதிவுசெய்திருக்கிறார். 1887இல் வந்த சீவகசிந்தாமணிப் பதிப்பின் பின்னால் இப்படித் தீர்மானிக்கப்பட்ட புள்ளிகள் எத்தனை ஆயிரம் என்று எண்ணிப் பார்க்க மலைப்பாக இருக்கிறது. அச்சில் நாம் காணும் புள்ளி ஒவ்வொன்றும் ஏட்டில் இருந்ததன்று, பதிப்பாசிரியர் வைத்தது.

எதைக்கொண்டு வைத்தார்? இங்கேதான் யாப்பு வருகிறது. ‘பல’ நிரையசை; ‘பல்’ நேரசை. ‘கண’ நிரை, ‘கண்’ நேர். ஒரு புள்ளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் அசை மாறும், சீர் மாறும், வெண்பாவாயின் தளை தட்டும். தளை தட்டுகிற இடத்தில் நின்று யோசித்தால் விடுபட்ட புள்ளி அகப்பட்டுவிடும். செய்தித்தொடர்புத் துறையினர் ஒரு செய்தியை அனுப்பும்போது வழியில் சேதமுற்றால் கண்டுபிடிப்பதற்கென்றே கூடுதலாகச் சில பிட்டுகளைச் சேர்த்தனுப்புவார்களாம். நம் செய்யுளுக்குள் அந்த வேலையை யாப்பு செய்து வந்திருக்கிறது. மனப்பாடத்துக்காகவே பாட்டாக எழுதினார்கள் என்று வகுப்பில் சொல்லிவந்தேன். அது பாதி விடை என்று இப்போது படுகிறது. உரைநடைக்கு அந்தக் காவல் இல்லை. உரைநடையில் தொலைந்த புள்ளியைப் பொருளைக்கொண்டு மட்டுமே மீட்க முடியும்.

*

தமிழ் எழுத்தைப் பூச்சியமும் ஒன்றுமாக்கிக் கணினிக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் முயற்சி நம் ஊரிலேயே நெடுநாள் முன்பு தொடங்கியது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் துறையில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி (1932–1988) இரு உடன்பணியாளர்களோடு சேர்ந்து, அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளம் காண்பது பற்றி 1978இல் ‘பேட்டர்ன் ரெகக்னிஷன்’ இதழில் எழுதினார். ஓர் எழுத்தைக் கட்டங்களாக்கி, மை உள்ள கட்டத்தை ஒன்றென்றும் இல்லாததைப் பூச்சியமென்றும் கொண்டு, வரிசைவரிசையாகக் குறியீட்டுச் சரமாக்கி, முன்பே தொகுத்த அகராதியோடு ஒப்பிடுவது முறை. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1974இல், அவரும் அவர் துணைவியார் கணித அறிஞர் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் கோலங்களை இருபரிமாண அணிகளாகக் கண்டு அவற்றுக்கு இலக்கணம் எழுதியிருந்தனர். புள்ளிக்கோலத்தையும் எழுத்துப்புள்ளியையும் ஒரே குழுவினர் ஆராய்ந்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கோலம் போடுகிறவர் எவரும் புள்ளியைத் தூசியென்று கூட்டித்தள்ள மாட்டார். தமிழ்த்துறைகளில் இந்த மனிதரைப் பற்றி எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? நானும் சொன்னதில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு வருடிகள் வந்தன. நூலகங்களும் ஆர்வலர்களும் பழைய நூல்களை வருடிக் கோப்புகளாக்கத் தொடங்கிய நாளில் வன்தட்டு விலை அதிகம், இணையம் ஆமை வேகம். கையடக்க நூலின் ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று சாம்பல் நிறத்தில் வருடினால் ஏறத்தாழ 43 லட்சம் பைட். கறுப்பு வெள்ளையாக்கினால் அதில் எட்டில் ஒரு பங்கு. தொலைநகலுக்கென்று செய்த சுருக்கமுறையையும் பயன்படுத்தினால் இன்னும் வெகுகுறைவு. யாரும் அதைத்தான் தேர்ந்திருப்பார்கள், குறை சொல்வதற்கில்லை. தாள் பழுத்திருக்கும், கறை இருக்கும், பின்பக்கத்து மை ஊறியிருக்கும். ஆகவே வெட்டுக்கோடு, அதன்பின் தூசிநீக்கி. இத்தனை பிக்சலுக்குக் குறைவாகத் தனித்து நிற்கும் கறுப்பு எதுவாயினும் அழி என்பதே தூசிநீக்கிக்கு இடும் கட்டளை.

ஒரு மெய்யெழுத்தின் புள்ளியை அளந்து பாருங்கள். பாடப்பகுதியின் வழக்கமான அளவில் அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறையும். 300 அடர்த்தியில் அது குறுக்கே ஐந்து பிக்சல், பிழைத்துக்கொள்ளும். 150இல் இரண்டோ மூன்றோ. 100இல் ஒன்றோ இரண்டோ. அந்நிலையில் தூசிக்கும் புள்ளிக்கும் கணினி வேறுபாடு காணாது. அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் செய்தார்கள். ஆங்கிலத்தில் ஐ எழுத்தின் பொட்டு உதிர்ந்தாலும் அது ஐதான். துருக்கியரிடம் கேட்டால் வேறு சொல்வார்கள், அங்கே பொட்டுள்ளதும் இல்லாததும் இரண்டு எழுத்துகள். அரபு எழுத்தில் பொட்டின் எண்ணிக்கையும் இடமுமே பல எழுத்துகளைப் பிரிக்கின்றன. நம்முடையதும் அந்தக் கூட்டம்.

அழிப்பதைவிட மோசமானது மாற்றிவைப்பது. ஒரு பக்கத்தில் ஒத்த வடிவங்களை ஒருமுறை மட்டும் சேமித்து மற்ற இடங்களில் அதையே ஒட்டிவைக்கும் ஜேபிக்2 என்ற சுருக்கமுறை, கறுப்பு வெள்ளைப் படங்களுக்கென்றே உருவானது. 2013 ஆகஸ்டில் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில நகலெடுப்புக் கருவிகள் வருடும்போது எண்களை மாற்றிவிடுவதை வெளிப்படுத்தினார். ஆறு இருந்த இடத்தில் எட்டு. மங்கலாகவோ சிதைந்தோ அன்று, தெளிவான எட்டு. கட்டட வரைபடத்தில் அறையின் பரப்பளவே மாறியிருந்தது. எகரமும் ஏகாரமும் ஒரு சிறு சாய்கோட்டால் மட்டுமே வேறுபடும் எழுத்துமுறைக்கு இத்தகைய கருவி என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஏரி மறுபடியும் எரியாகும். இம்முறை ஐயமே எழாதபடி அச்சுச்சுத்தமாக ஆகும். சுவடியின் தெளிவின்மை நம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது. இந்தத் தெளிவு யோசிக்க விடாது.

என் கருத்தைக் கேட்டால், கறுப்பு வெள்ளையாக்குவதில் தவறில்லை, படிப்பதற்கும் தேடுவதற்கும் அதுவே வசதி. சாம்பல் நிற மூலக்கோப்பை அழித்துவிடுவதுதான் தவறு. இன்று நினைவக விலை அந்தச் சிக்கனத்தைக் கோரவில்லை. முன்பு வருடிய நூல்களில் சில, வருடிய பிறகு தாளே உதிர்ந்துபோனவை. அவற்றுக்கு மறுமுறை கிடையாது.

*

மாணவரிடம் இதில் பாதியை ரயிலிலேயே சொல்லியிருந்தேன். அவர் இறங்க வேண்டிய மீஞ்சூர் வந்துவிட்டது. அடுத்த வாரம் துறைக்கே வந்தார். “உங்ககிட்ட பழைய புஸ்தகம் இருந்தா குடுங்க ஐயா, சோதிச்சுப் பாக்கலாம்.” பழம்பதிப்பு உரைநூல் ஒன்றைக் கொடுத்தேன். அட்டை இல்லாதது, முன்பக்கங்களும் போய்விட்டன. ஒரு பக்கத்தைக் குறைந்த அடர்த்தியில் வருடி, சுவருக்கு இட்ட அதே கட்டளையை இட்டார். பக்கம் வெளுத்துப் பளிச்சென்று வந்தது. ‘பல்’ எல்லாம் ‘பல’ ஆகியிருந்தன. ‘கண்’ணெல்லாம் ‘கண’. முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. நான்கு வரி உரக்கப் படித்துப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

அவரே ஒரு விதி எழுதினார். எழுத்தின் தலைக்கு நேர்மேலே, குறிப்பிட்ட உயரத்துக்குள், ஏறத்தாழ வட்டமாக இருக்கும் கறுப்பை விட்டுவிடு, மற்றதை அழி. ஓரங்களிலும் வரிகளுக்கு நடுவிலும் கிடந்த அழுக்கெல்லாம் போய், புள்ளிகள் நின்றன. நன்றாகவே செய்திருந்தார். ஆனால் எழுத்தின் தலையிலேயே வந்து விழுந்த தூசிக்கு அந்த விதி மகுடம் சூட்டிவிட்டது. பக்கத்தின் கடைசி வரியில் ‘சில’ என்று இருக்கலாம், ‘சில்’ என்றும் இருக்கலாம். உரைநடை என்பதால் யாப்பைக் கேட்க முடியாது. முன்னும் பின்னும் படித்துப் பார்த்தேன். இரண்டும் பொருந்தின.

புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி அந்தத் தாளை மட்டும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அந்தப் புள்ளி வழியாக வெளிச்சம் வந்தது. செல்லரித்த துளை. பின்னாலிருந்த தாளின் நிழலை வருடி கறுப்பென்று எடுத்திருக்கிறது.

‘சில’ என்று திருத்திக்கொண்டோம்.